குற்றத்தைப் படிக்கட்டும் நம் பிள்ளைகள்

(ஏர்பேட்டில் நடைபெற்ற சங்கக் குடும்பங்களின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வி உதவி நிதிக்கு இந்த ஆண்டு நான்கு மனுக்கள் வந்திருக்கின்றன. மூன்றில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஒரு பிள்ளை நர்சிங் படிக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவு. இன்னொன்று பி.எட். நான்காவது மனுவைப் படித்ததும் கமிட்டியில் பேச்சு எழுந்தது. ஒரு கொத்தனாரின் மகள், பி.ஏ. முடித்தவள், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் மற்றும் குற்றவியல் நீதி என்ற முதுகலைப் படிப்புக்குப் போகவேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

"குற்றத்துக்கும் ஒரு படிப்பா?" என்றார் ஒரு பெரியவர். "போலீசில் சேரத்தானே? அதற்கு எம்.ஏ. எதற்கு?" என்றார் இன்னொருவர். "கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணை ஜெயிலும் கோர்ட்டுமாகச் சுற்ற விடுவதா?" என்று ஒரு தாயார் கேட்டார்.

மூன்றும் நியாயமான கேள்விகள். செங்கல் சூளையிலும் சென்ட்ரிங் வேலையிலும் சிந்திய வியர்வையில் சேர்ந்த பணம் இது. கேள்வி கேட்காமல் ஒரு ரூபாயும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. பதில் சொல்லும் பொறுப்பைக் கமிட்டி எங்களிடம் விட்டது. நாங்கள் மெட்ரிகுலேஷனோடு நின்று ரயில்வேயில் குமாஸ்தா வேலைக்குப் போனவர்கள். பேராசிரியர் பேச்சு எங்களுக்கு வராது. ஆனால் ஸ்டேஷன் கவுண்டருக்கு வெளியே அழுதுகொண்டு நிற்கிற குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து ஒன்றைத் தெரிந்துகொண்டிருக்கிறோம். பிழைக்க வந்த ஊரில் தமிழன்மேல் ஒரு வழக்கு விழுந்தால், அவனுக்குப் பணம் இல்லாதது இரண்டாவது கஷ்டம். நடப்பது என்ன என்று அவனுக்குப் புரியும்படி சொல்ல ஆள் இல்லாததுதான் முதல் கஷ்டம். இந்தப் படிப்பு அந்த ஆளை உண்டாக்கும் என்பதே எங்கள் கட்சி.

மலையோரத்தில் நடந்தது

நம் ஊருக்கு மேற்கே இருப்பது சேஷாசல மலை. செம்மரம் உலகத்தில் எல்லா இடத்திலும் விளைவதில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியில், சித்தூர், திருப்பதி, கடப்பை, நெல்லூர் பக்கத்துக் காடுகளில்தான் அது இயற்கையாக வளர்கிறது. அபாயத்திலிருக்கும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச ஒப்பந்தம் 1995இல் இந்த மரத்தைத் தன் பட்டியலில் சேர்த்தது. கடல் கடந்தால் மரச்சாமான் செய்கிறவர்களிடம் பெரும் விலை. அந்த விலைக்கும் மரத்தை வெட்டுகிறவனின் கூலிக்கும் நடுவே மேஸ்திரி, புரோக்கர், வண்டிக்காரன், ஏற்றுமதி முதலாளி என்று எத்தனையோ படிகள் உண்டு. காட்டில் கோடாலியோடு நிற்பவன் மட்டும் ஏழை.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி விடியற்காலையில், சந்திரகிரியை அடுத்த காட்டில் இரண்டு இடங்களில் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது செம்மரக் கடத்தலைத் தடுக்க அமைக்கப்பட்ட அதிரடிப்படை. செத்த இருபது பேரும் தமிழர்கள். திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டத்துக் கூலிக்காரர்கள். கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். முதல் நாளே பஸ்சிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றார்கள் உயிர் தப்பிய சாட்சிகள்.

இதற்கு ஏழு மாதம்கூட முன்னால் இல்லை. 2014 செப்டம்பர் 23ஆம் தேதி, மக்கள் சிவில் உரிமைக் கழகம் மகாராஷ்டிர அரசுக்கு எதிராக நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. போலீஸ் மோதலில் சாவு ஏற்பட்டால் எப்.ஐ.ஆர். பதிய வேண்டும், சுட்டவர்கள் தாங்களே விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் போலீசோ விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும். இறந்தவனின் நெருங்கிய உறவினருக்குத் தகவல் போக வேண்டும் என்று பதினாறு விதிகளை அது வகுத்தது. விதிகள் அச்சில் இருந்தன. ஜவ்வாது மலையடிவாரத்தில் பிணத்துக்காகக் காத்திருந்த மனைவிக்கு அதை எடுத்துச் சொல்ல அவள் தெருவில் ஆள் இல்லை.

இருந்தும் கணவனை இழந்த ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தார். வக்கீல்களும் மனித உரிமைக்காரர்களும் உயர்நீதிமன்றம் போனார்கள். அதன் பிறகே கொலை வழக்குப் பதிவாயிற்று; சில உடல்களுக்கு மறு பிரேதப் பரிசோதனை நடந்தது; சிறப்புப் புலனாய்வுக் குழு வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது. சட்டம் தானாக நடக்காது தோழர்களே, நடத்தி வைக்க ஆள் வேண்டும்.

இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். 2013 டிசம்பரில் அதே சேஷாசலக் காட்டில் வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். அவர்களும் வேலைக்குப் போன மனிதர்கள். அவர்களுக்கும் பெண்டு பிள்ளைகள் உண்டு. அந்தக் கொலை கொடியது என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதற்காகத் தமிழ்நாட்டுக் கூலியாட்கள் நூற்றுக்கணக்கில் பிடிபட்டார்கள். பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். 2016இல் திருப்பதி நீதிமன்றம் இருநூறு பேருக்கு மேல் விடுதலை செய்தது. இதில் யாருக்கு நீதி கிடைத்தது? சிறையில் கிடந்தவனுக்கு இழந்த காலம் திரும்பவில்லை. செத்த அதிகாரிகளின் வீட்டாருக்கு, கொன்றவர் இன்னார் என்ற பதிலும் இல்லை. வலையை அகல வீசினால் குற்றவாளி சிக்குவான் என்று நினைப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு நம் வாசலிலேயே இருக்கிற பாடம் இது.

அதே 2016 ஆகஸ்டில், நம் பக்கத்து ஜங்ஷன் ரேணிகுண்டாவில், ரயிலில் வந்த 32 தமிழர்கள் கைது செய்யப்பட்டார்கள். மரத்தை வெட்டியதற்காக அல்ல, வெட்டப் போகிறார்கள் என்பதற்காக! டிக்கெட் வாங்கிக்கொண்டு ரயிலேறுகிறவனின் ஊரும் பாஷையும் கையில் இருக்கிற பையுமே சந்தேகத்துக்குப் போதும் என்றால், இங்கே உட்கார்ந்திருக்கிற நாம் எல்லோருமே அந்தச் சந்தேகத்துக்குள் வருகிறவர்கள்தான்.

அது என்ன படிப்பு?

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். சட்டப் படிப்பு வேறு, குற்றவியல் வேறு. எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்று சொல்வது சட்டம். குற்றம் ஏன் நடக்கிறது, யாரைக் குற்றவாளி என்று சமூகம் பிடிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது, போலீஸ் எப்படி வேலை செய்கிறது, சிறைக்குப் போனவன் எப்படித் திரும்பி வருகிறான், பாதிக்கப்பட்டவனுக்கு யார் பொறுப்பு என்று ஆராய்வது குற்றவியல். இரண்டு ஆண்டுப் படிப்பு. எந்தப் பட்டம் வாங்கியவரும் பெரும்பாலும் சேரலாம். குற்றம் பற்றிய கோட்பாடுகள், தண்டனை இயல், பாதிக்கப்பட்டோர் இயல், குற்றச் சட்டம், போலீஸ் நிர்வாகம், தடயவியல், புள்ளிவிவரம், கள ஆய்வு எல்லாம் உண்டு. சிறைக்கும் சிறுவர் இல்லத்துக்கும் நேரில் போய்ப் பார்த்து, கேட்டு, எழுத வேண்டும்.

இது நேற்று முளைத்த படிப்பும் அல்ல. மத்தியப் பிரதேசத்துச் சாகர் பல்கலைக்கழகத்தில் 1959இல் குற்றவியல், தடயவியல் துறை தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை 1965இல் வந்தது. இந்தியக் குற்றவியல் சங்கம் 1970இல் அமைந்தது. பம்பாயில் டாட்டா சமூக அறிவியல் கழகம் இதைச் சமூகப் பணியோடு சேர்த்துக் கற்பிக்கிறது. அந்தப் பெண் போக விரும்புவது அரசுப் பல்கலைக்கழகம். நன்கொடை என்று கேட்க மாட்டார்கள். விடுதியும் சாப்பாடும்தான் செலவு.

ஒரு காலத்தில் இந்த அறிவு நமக்கு எதிராகவே இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. இத்தாலியில் லொம்ப்ரோஸோ என்ற டாக்டர், 1876இல், குற்றவாளி பிறவியிலேயே அப்படிப் பிறக்கிறான், மண்டையோட்டையும் தாடையையும் பார்த்தாலே தெரியும் என்று புத்தகம் எழுதினார். அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1871இல், இந்தியாவில் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்துவிட்டான். ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி! 1911இல் வந்த சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்திலும் அது நுழைந்தது. அப்போது இந்தச் சித்தூர் ஜில்லாவும் சென்னை மாகாணம்தான்.

தெலுங்கில் எருகலர் என்றும் தமிழில் குறவர் என்றும் சொல்கிறோமே, அந்த ஜனங்கள் மாட்டின்மேலும் கழுதையின்மேலும் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக வியாபாரம் செய்தவர்கள். 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. இருப்புப்பாதை நீள நீள, உப்பும் தானியமும் கூட்ஸ் வண்டிக்குப் போய்விட்டன. வியாபாரம் போனவன் நாடோடி ஆனான். நாடோடி மேல் குற்றப் பரம்பரை என்று முத்திரை விழுந்தது. நெல்லூர்ப் பக்கம் காவலியிலும் குண்டூர்ப் பக்கம் ஸ்டூவர்ட்புரத்திலும் செட்டில்மெண்ட் என்ற பேரில் அவர்களை அடைத்து வைத்தார்கள். நம் மதுரைச் சீமையில் இதே சட்டத்தை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் ஜனங்கள் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். சென்னை மாகாணம் 1947இல் சட்டத்தை நீக்கியது. தேசம் முழுவதும் 1952இல் அது ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது, பார்வை ஒழிந்ததா? "தமிழ்க் கூலி என்றால் செம்மரம்" என்கிற பார்வை, பழைய முத்திரையின் புது மை அல்லாமல் வேறென்ன?

ஆனால் படிப்பு அங்கேயே நின்றுவிடவில்லை. 1939இல் அமெரிக்காவில் சதர்லேண்ட் என்ற பேராசிரியர், குற்றம் ஏழையின் சேரியில் மட்டும் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து கௌரவமாகத் தொழில் நடத்துகிறவர்களிடமும் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். வெள்ளைக் காலர் குற்றம் என்ற சொல் அப்படி வந்தது. செம்மர வியாபாரத்தில் கோடாலிக்காரன் அகப்பட்டு, கன்டெய்னர்காரன் தப்புகிற கணக்கைப் புரிந்துகொள்ள அந்த ஒரு சொல் போதும். பிறகு வந்தவர்கள், ஒருவன்மேல் ஒட்டுகிற பட்டமே அவனைக் குற்றத்தில் தள்ளுகிறது என்று காட்டினார்கள். இன்னும் பிற்பாடு, இத்தனை நாளும் குற்றவாளியையே பார்த்தோமே, அடிபட்டவனைப் பார்த்தோமா என்று கேட்டு, பாதிக்கப்பட்டோர் இயல் பிறந்தது. 1985 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமல்ல, அதிகார துஷ்பிரயோகத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் நீதி வேண்டும் என்று பிரகடனம் செய்தது. அதிகாரத்தால் அடிபட்டவன் என்று ஒரு வகையே உலக சபையின் ஏட்டில் ஏறிவிட்டது! நம் பிள்ளைகள் படிக்க வேண்டியது இதைத்தான். நம்மை அளந்த கோலை நம் கையில் எடுப்பது என்று இதற்குப் பெயர்.

நமக்கு என்ன பிரயோஜனம்?

மூன்று இடங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, போலீஸ் ஸ்டேஷன். கைதானவனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், கைது மெமோவில் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது. கைதுக்கான காரணத்தை எழுத்தில், அதுவும் கைதானவனுக்குப் புரிகிற பாஷையில் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தெலுங்கு எழுத்து தெரியாதவனிடம் தெலுங்குக் காகிதத்தை நீட்டிக் கைநாட்டு வாங்குகிற பழக்கத்துக்கு இந்தத் தீர்ப்பைவிடப் பெரிய பூட்டு இல்லை. ஆனால் பூட்டைப் போட ஆள் ஸ்டேஷன் வாசலுக்குப் போக வேண்டும். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பதும், சாட்சி விசாரணை என்று ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு இழுக்கக் கூடாது, அவள் வீட்டுக்கே வந்து கேட்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. தாய்மார்கள் இந்தக் கடைசி விஷயத்தை மனதில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கோர்ட்டு. குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் புரியாத பாஷையில் சாட்சியம் நடந்தால், திறந்த நீதிமன்றத்திலேயே அவனுக்குப் புரிகிற பாஷையில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இது 314ஆம் பிரிவாக இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். கூண்டில் நிற்பவன் தலையை ஆட்டினால் புரிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

ஜாமீன் விஷயமும் அப்படியே. "உள்ளூர் ஜாமீன்தார் கொண்டு வா" என்ற பேச்சில் நம்மவர் எத்தனை பேர் மாசக்கணக்கில் உள்ளே கிடக்கிறார்கள்! மோதிராம் என்ற ஒருவர் மத்தியப் பிரதேசத்தில் கொத்தனார். நம் மாதிரி ஏழை. அவர் சகோதரர் ஜாமீன் நிற்க வந்தார். சகோதரரின் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1978இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், வேறு ஜில்லாக்காரர் என்பதற்காக ஜாமீன்தாரரைத் தள்ளக் கூடாது, ஏழையின் சக்திக்கு மீறிய தொகையும் கேட்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார். ஒரு கொத்தனாரின் வழக்கு தேசத்துக்கே சட்டமாயிற்று! அந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இலவச சட்ட உதவி வக்கீலிடம் போய், "ஐயா, இதைச் சொல்லுங்கள்" என்று கேட்கத் தெரிந்த ஒரு பெண் நம் சங்கத்தில் இருந்தால் எப்படி இருக்கும்?

மூன்றாவது, சிறை. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர் என்று சர்க்காரின் சொந்தக் கணக்கே சொல்கிறது. அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் தீர்ப்பு வராமலே உள்ளே இருக்கிறார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால், வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் ஜாமீன் உரிமை. முதல் தடவை வழக்கில் சிக்கியவன், தூக்கோ ஆயுள் தண்டனையோ வராத குற்றமானால், உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டாலே பிணையில் வெளியே வர வழி உண்டு. வேறு வழக்கு நிலுவையில் இருக்கக் கூடாது. இது 479ஆம் பிரிவு. நாள் கணக்குப் பார்க்கிற வேலைதான் இது. யார் எந்தத் தேதியில் உள்ளே போனான், எந்தப் பிரிவு, எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துப் பார்க்க ஆள் இல்லாமல் சிறையிலேயே காலம் கழிகிறது.

சில ஆட்சேபங்கள்

"இதையெல்லாம் வக்கீல் செய்ய மாட்டாரா?" செய்வார். குற்றவியல் படித்தவர் கோர்ட்டில் வாதாட முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஆசையில் யாரும் அனுப்ப வேண்டாம். வக்கீல் ஒரு வழக்கைப் பார்க்கிறார். அந்த வழக்கு எந்தக் குடும்பத்திலிருந்து வந்தது, வீட்டில் அடுப்பு எரிகிறதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, வெளியே வந்தவனை மேஸ்திரி மறுபடி காட்டுக்கு இழுக்கிறானா என்பதைப் பார்க்க வேறு ஆள் வேண்டும்.

"வேலை கிடைக்குமா?" இன்ஜினீயரிங் மாதிரி கம்பெனிக்காரன் கல்லூரிக்கு வந்து அழைத்துப் போக மாட்டான். நன்னடத்தை அலுவலர், சிறை நலப்பணி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சிறுவர் இல்லம், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான மையம் என்று பணியிடங்கள் உண்டு. போட்டித் தேர்வு எழுத வேண்டும். கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான தேசியத் தகுதித் தேர்வில் குற்றவியல் ஒரு பாடம். போலீசுக்கும் போகலாம், போனால் தப்பில்லை. பிழைக்க வந்தவனின் வீட்டு நிலை தெரிந்த ஒருவர் சப்-இன்ஸ்பெக்டராக உட்கார்ந்தால் நாற்காலி கெட்டுவிடாது. பரீட்சை எழுதிக் காத்திருக்கப் பொறுமை வேண்டும் என்பதை அந்தப் பெண்ணிடமும் சொல்லியிருக்கிறோம்.

"பெண் பிள்ளை ஆயிற்றே?" தாயாரின் பயம் உண்மையான பயம். ஆனால் இந்த மாதிரி விவகாரத்தில் ஸ்டேஷன் வாசலில் நிற்பது யார்? புருஷன் உள்ளே இருக்கிறான். கைக்குழந்தையோடு வெளியே நிற்பது பெண்தான். சேஷாசலத்தில் இருபது பேர் செத்தபோது புகார் கொடுக்க முன்வந்ததும் ஒரு பெண்தான். படிக்காத பெண் ஸ்டேஷனுக்குப் போகலாம், படித்த பெண் போகக் கூடாதா?

"தமிழன், தெலுங்கன் என்று சண்டை வளர்க்கவா இந்தப் படிப்பு?" இதைக் கேட்டவருக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த ஏர்பேட்டிலேயே 2017 ஏப்ரல் 21ஆம் தேதி நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மணல் கொள்ளையைத் தடுக்கச் சொல்லி முனகலபாலெம் கிராமத்து விவசாயிகள் போலீஸ் ஸ்டேஷன் முன் கூடியிருந்தார்கள். லாரி ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து, கரண்டு கம்பத்தையும் சாய்த்தது. பதினைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்கள் தெலுங்கு விவசாயிகள். ஆற்று மணலை அள்ளுகிறவனுக்கும் காட்டு மரத்தைக் கடத்துகிறவனுக்கும் பாஷை கிடையாது. அவர்களால் அடிபடுகிறவனுக்கும் பாஷை கிடையாது. நம் ஜனங்களுக்காக நீதிமன்றத்தில் நின்றவர்களிலும் தெலுங்கு வக்கீல்கள் உண்டு. ஹைதராபாத் வக்கீல் கே.ஜி. கண்ணபிரான் ஆந்திரப் பிரதேச சிவில் உரிமைக் கமிட்டித் தலைவராகப் பல்லாண்டு மோதல் சாவுகளை எதிர்த்து வாதாடியவர், பின்பு மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் தேசியத் தலைவரானார், 2010இல் மறைந்தார். அப்படிப்பட்டவர்கள் உழுத நிலத்தில்தான் 2014 தீர்ப்பு விளைந்தது. ஆகவே நம் பிள்ளை படிப்பது அந்த முனகலபாலெம் வீட்டாருக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக, செம்மரம் வெட்டுவது குற்றம் அல்ல என்று நாங்கள் சொல்லவில்லை. காடு எல்லோருடைய சொத்து. அந்த வேலைக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள் என்று இதே மேடையில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்! குற்றம் செய்தவனுக்குச் சட்டப்படி தண்டனை கிடைக்கட்டும். சட்டப்படி என்பதைத்தான் அடிக்கோடு போட்டுக் கேட்கிறோம்.

செய்ய வேண்டியவை

கமிட்டி சார்பில் இந்தக் கூட்டத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம்.

ஒன்று, நான்காவது மனுவுக்கும் மற்ற மூன்றுக்குச் சமமாகவே உதவி வழங்க வேண்டும். ஒரு நிபந்தனை உண்டு. படிப்பில் எழுதுகிற ஆய்வை, முடிந்தால் திருப்பதி, சித்தூர்ப் பக்கம் வழக்கில் சிக்கிய புலம்பெயர்ந்த குடும்பங்களைப் பற்றி எழுத வேண்டும். அதன் சாரத்தை நமக்குப் புரிகிற தமிழில் இந்தப் பத்திரிகைக்குத் தர வேண்டும். நம் கதையை இதுவரை போலீஸ் டைரி எழுதியது, செய்தித்தாள் எழுதியது. இனி நம் பிள்ளையும் எழுதட்டும்.

இரண்டு, பிள்ளைகள் தமிழோடு தெலுங்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக வளர வேண்டும். இங்கே பிறந்த குழந்தைகள் பேசுகிறார்கள்; எழுத்து தெரியாது. எப்.ஐ.ஆர். தெலுங்கில்தான் வரும். அதைப் படித்துச் சொல்லப் பத்து வயதுப் பிள்ளை போதும், எழுத்து தெரிந்தால்!

மூன்று, அந்தப் பெண் படித்து வருகிறவரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் சங்க அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் திறந்திருக்கும். யார் வீட்டில் யார்மேல் வழக்கு, எந்த ஸ்டேஷன், எந்தத் தேதி, எந்தப் பிரிவு, அடுத்த வாய்தா என்று எழுதி வைப்போம். சிறையில் இருப்பவர்கள், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டு சட்டம் சொல்கிறது. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் போன் நம்பர் 15100. வீட்டுச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஆதார் நகலையும் வேலை கொடுத்த மேஸ்திரியின் பெயர், போன் நம்பரையும் சட்டைப் பையில் வைத்திருங்கள். ரயிலில் வந்தால் டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள். எந்த நாள், எந்த வண்டியில், எங்கிருந்து வந்தீர்கள் என்பதற்கு அந்தத் துண்டுக் காகிதமும் ஒரு சாட்சி.

யோசனைகளை ஏற்பவர்கள் கை தூக்குங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுந்து நின்று பேசுங்கள், கேட்டுவிட்டுத்தான் முடிவெடுப்போம்.